பாதியில் மூடிய புத்தகங்கள்: எப்போது விடுவது, அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரவுவிளக்கு

மூன்று மாதமாக ஒரே நாவலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 640 பக்கம். புக்மார்க் 212ஆம் பக்கத்தில் நிற்கிறது. இரவு தூங்கப்போகும் முன் எடுக்கிறேன். இரண்டு பக்கம் போகிறது. போன பத்தியில் பேசியது அப்பாவா மாமாவா என்பது மறந்துபோகிறது. திரும்பப் போய்ப் பார்க்கிறேன், அப்படியே கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடுகிறது.

இந்த மூன்று மாதத்தில் வேறு எதையுமே படிக்கவில்லை என்பதுதான் பெரிய வருத்தம். இதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் மாதம் இரண்டு புத்தகமாவது படித்துவிடுவேன்.

நாவல் மோசம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நான் மதிக்கும் பலர் பாராட்டியது. எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்ப்பீர்கள்? விட்டுவிட்டால் மனதை உறுத்துமே, அதை என்ன செய்வீர்கள்? அடுத்த முறை இப்படி மாட்டாமல் இருக்க எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? பரீட்சைக்கோ வேலைக்கோ படிப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. நம் சந்தோஷத்துக்காகப் படிப்பது மட்டும்.

நூலேணி

விட்டுவிடுங்கள், இன்றைக்கே. மூன்று மாதம் வாசிப்பே நின்றுபோவது ஒரு நாவலை முடிக்காமல் விடுவதைவிடப் பெரிய இழப்பு.

பக்கக் கணக்கு வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. சியாட்டில் நகர நூலகத்தில் வேலை பார்த்த நான்சி பேர்ல் சொன்னது. 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். எனக்கு 58 வயது, ஆகவே 42 பக்கம். வயது கூடக்கூட மிச்சமிருக்கும் காலம் குறைகிறது, அதனால் பொறுமைக்கும் எல்லை குறையலாம் என்பது அவருடைய கருத்து. இந்தக் கணக்கு எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. யாரோ ஒருவர், அதுவும் வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களோடு இருந்த ஒருவர், "வைத்துவிடு, பரவாயில்லை" என்று சொன்ன மாதிரி.

மெதுவாசிப்பு

நூலேணி ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இந்த 50 பக்கக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. 150 பக்க நூலில் 50 பக்கம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. 640 பக்க நாவலில் அது வாசற்படி. பெரிய நாவல் எழுதுகிறவர் முதல் நூறு பக்கத்தில் ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். அவர்கள் எழுந்து நடக்கும்முன் நாம் கிளம்பிவிட்டால் எப்படி?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாவலை இரண்டு தடவை விட்டிருக்கிறேன், ஒருமுறை 70ஆம் பக்கத்தில், இன்னொரு முறை 110ஆம் பக்கத்தில். மூன்றாவது முறை எடுத்தபோது ஒரு வெள்ளைத்தாளை நான்காக மடித்து, வருகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, யார் யாருக்கு என்ன உறவு என்று கோடு போட்டுக்கொண்டே படித்தேன். ஒன்பது நாளில் முடித்தேன். ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் இருந்தார்கள், அதுதான் என்னை இரண்டு தடவையும் தடுக்கி விழவைத்திருக்கிறது. அந்தத் தாள் இன்னும் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது தடவையோடு கைகழுவியிருந்தால் என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நாவல் ஒன்றை நான் படித்தே இருக்க மாட்டேன்.

கடினம் வேறு, சலிப்பு வேறு. இரண்டும் உட்கார்ந்து படிக்கும்போது ஒரே மாதிரிதான் தெரியும். புத்தகத்தை மூடிய பிறகு கவனியுங்கள். கடினமான புத்தகம் பாத்திரம் கழுவும்போதும் கூடவே வரும். சலிப்பூட்டும் புத்தகம் மூடியதோடு போய்விடும்.

இரவுவிளக்கு

மெதுவாசிப்பு, நீங்கள் சொன்ன சோதனையை நேற்றுச் செய்து பார்த்தேன். முழுக்க மூடியதோடு போய்விடுகிறது என்று சொல்ல முடியவில்லை. நடுவில் ஒரு பாட்டி வருவார், அவர் மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வருகிறார். மற்ற யாரும் வரவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஓரக்குறிப்பு

இரவுவிளக்கு, எத்தனை பக்கம் என்ற கேள்வியோடு நானும் பல வருடம் இருந்தேன். அதில் விடை கிடைக்கவில்லை. இப்போது என்னை நானே கேட்டுக்கொள்வது, எந்த இடத்தில், எதனால் நின்றது என்பதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாசிப்பையே இது மாற்றியது.

ஒரு புத்தகத்தை விடுவது என்று முடிவு செய்தால், அலமாரியில் வைப்பதற்கு முன் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுகிறேன், பக்க எண்ணோடு காரணம். "பிடிக்கவில்லை", "போர்" இந்த இரண்டு சொற்களையும் எழுதக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அவை எதையும் சொல்வதில்லை. நோட்டிலிருந்து சில:

பக்கம் 140. அம்மாவின் மரணம் மூன்றாவது முறையாகச் சொல்லப்படுகிறது. மூன்று முறையும் அதே ஈரத்துணி, அதே வாசல், அதே வாக்கியம்.

பக்கம் 33. ஒன்றைச் சொல்கிறார், பிறகு சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறார், பிறகு அடுத்த அத்தியாயத்தில் என்ன சொல்லப்போகிறார் என்று சொல்கிறார்.

பக்கம் 88. மொழிபெயர்ப்பு. ஒரே வாக்கியத்தில் நான்கு "என்று". யார் யாரிடம் சொன்னது என்பது புரியவில்லை. கதை நன்றாக இருக்கும்போலத் தெரிகிறது. வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா பார்க்க வேண்டும்.

பக்கம் 20. புத்தகத்தில் குறையில்லை. வீட்டில் உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனைக் கதை இப்போது முடியாது.

நான்கும் நான் பாதியில் விட்டவைதான். ஆனால் நான்கும் ஒன்றா? முதலாவதை நான் திரும்ப எடுக்கப்போவதில்லை. மூன்றாவதை வேறொருவர் மொழிபெயர்ப்பில் தேடிப் பிடித்து, ஒரே வாரத்தில் படித்தேன். நான்காவதை ஒன்றரை வருடம் கழித்து எடுத்தேன், இரண்டு இடத்தில் அழுதேன். எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நான்குக்கும் சேர்த்து "நமக்கு ஒத்துவராது" என்று ஒரே முத்திரை குத்தியிருப்பேன்.

காரணத்துக்குச் சொல் கிடைக்காமல் தவித்தபோது எனக்குக் கைகொடுத்தது நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. அவர் மனதில் இருந்தது இலக்கண நூல், சாத்திர நூல். நாவலுக்கு இதை அப்படியே அளவுகோலாக வைப்பது நியாயமில்லை. சில நாவல்கள் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லும், வேண்டுமென்றே மயக்கும். ஆனால் ஒரு வாசகராக, எனக்கு என்ன வலித்தது என்று சொல்ல இதைவிடத் துல்லியமான சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை. "சென்று தேய்ந்து இறுதல்" என்பதைச் சொல்லிப் பாருங்கள். எடுத்த எடுப்பில் கம்பீரமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, கடைசியில் எங்கேயோ மங்கிப்போகும் நூல். அப்படி எத்தனை படித்திருப்போம்! அதற்கு மூன்றே சொல்லில் பெயர் வைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நான் விட்டவற்றில் பாதிக்கு மேல் "மற்றொன்று விரித்தல்". கதை ஒரு பக்கம் நிற்க, ஆசிரியர் தனக்குத் தெரிந்த இன்னொன்றைப் பற்றி இருபது பக்கம் பேசுவார். இன்னொருவருக்கு அதுவே விருந்தாக இருக்கலாம், தகவல் நிறைந்த நாவல்களைத் தேடிப்போய்ப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. அது தெரிந்த பிறகு தேர்வு சுலபமாகிவிட்டது. மதிப்புரையில் "அரிய தகவல்களின் களஞ்சியம்" என்று யாராவது மெச்சினால், சரி, இது எனக்கானது இல்லை என்று நகர்ந்துவிடுகிறேன்.

உங்கள் பாட்டியையும் இப்படித்தான் பார்ப்பேன். 212 பக்கத்தில் ஒருவர் மட்டும் மனதில் நிற்கிறார் என்றால் அவரிடம் என்ன இருக்கிறது, மற்றவர்களிடம் என்ன இல்லை? விடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதை எழுதிப் பாருங்கள்.

கணக்கேடு

நான் எண்களில் யோசிக்கிறவன். மாதம் இரண்டு புத்தகம், வருடத்துக்கு 24. இன்னும் 35 வருடம் இதே வேகத்தில் படித்தால் 840. 2010இல் கூகுள் தன் நூல் திட்டத்துக்காக எண்ணிப் பார்த்தபோது உலகில் ஏறக்குறைய 13 கோடி நூல்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. 13 கோடியில் 840. இரவுவிளக்கின் மூன்று மாதத்தில் அவர் கணக்குப்படி ஆறு புத்தகம் போயிற்று.

இதை நாலடியார் எப்போதோ சொல்லிவிட்டது. கல்விக்குக் கரை கிடையாது, படிக்கிறவருக்கோ நாட்கள் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்திலும் நோய் நொடி பல. ஆகவே நீரை ஒதுக்கிப் பாலை மட்டும் குடிக்கும் பறவைபோல ஆராய்ந்து தேர்ந்து படி என்கிறது அந்த வெண்பா. முதல் அடியைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். தேர்ந்து படி என்ற கடைசி அடிதான் அதன் உயிர், அது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

தாழ்வாரம்

எனக்கு மனதை உறுத்துவது நேரம் இல்லை, காசு. வாங்கியாச்சே! இரவல் வாங்கிய புத்தகத்தைக் கூசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சொந்தக் காசில் வாங்கியது என்றால் கடைசிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போவேன்.

இது எனக்கு மட்டுமா என்று தேடியபோது ஓர் ஆய்வைப் படித்தேன். 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. ஒரு நாடக அரங்கில் வருடம் முழுக்கப் பார்ப்பதற்கான சீட்டை வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்கு அவர்கள் கேட்காமலேயே தள்ளுபடி. யாருக்கு எது என்பது தற்செயல். எல்லோரும் பார்க்கப்போவது அதே நாடகங்கள்தான். ஆனாலும் முழு விலை கொடுத்தவர்கள் அந்த வருடத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போயிருக்கிறார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பின்பாதியில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது.

காசு போனது போனதுதான். படித்தாலும் வராது, படிக்காவிட்டாலும் வராது. புத்திக்கு இது தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. இப்போது நான் செய்வது, மாட்டிக்கொண்ட புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம், "இதை யாராவது இரவலாகக் கொடுத்திருந்தால் இன்றைக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேனா?" என்று கேட்டுக்கொள்வது. ஆமாம் என்றால் அன்றைக்கே வைத்துவிடுவேன். அப்புறம் அதை விரும்பிப் படிக்கக்கூடிய ஒருவரிடம் சேர்த்துவிடுவேன்.

புதியவாசகி

நான் இதில் புதியவள், படிக்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். பாதியில் விடவும் வேண்டாம், முழுக்கப் படிக்கவும் வேண்டாம், நடுவில் தாண்டிப் போகலாமா? போர்க்கள வருணனை வந்தால் நான் தாண்டிவிடுவேன். அப்புறம் "அந்தப் புத்தகம் படித்தேன்" என்று வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பொய் சொல்வதுபோல.

நூலேணி

தாராளமாகத் தாண்டலாம், அம்மா. தானியேல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், 1992இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று எழுதினார். அதில் முதல் உரிமை படிக்காமல் இருப்பது. இரண்டாவது, பக்கங்களைத் தாண்டுவது. மூன்றாவது, முடிக்காமல் விடுவது. நான்காவது, திரும்பப் படிப்பது. பத்தாவது, படித்ததைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பது. அந்தப் பத்தாவதுதான் உங்களுக்கானது. படித்தேன், படிக்கவில்லை என்று யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

மாணவர்கள் படிப்பை வெறுப்பதைப் பல வருடம் வகுப்பறையில் பார்த்தவர் அவர். அந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துத்தான் இதை எழுதினார்.

மெதுவாசிப்பு

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறோம் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. புதியவாசகி, தாண்டுங்கள், தப்பே இல்லை. ஆனால் எதைத் தாண்டுகிறீர்கள் என்று ஒரு கண் வைத்திருங்கள்.

இருபது வயதில் எனக்கு மரம் செடி வருணனை வந்தாலே தாண்டிவிடுவேன். யார் என்ன பேசினார்கள், அடுத்து என்ன நடந்தது, அவ்வளவுதான் வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல்தான் ஒரு நாள் தற்செயலாக ஒரு மழை வருணனையைத் தாண்டாமல் படித்தேன். ஒரு பக்கம் முழுக்க மழை வருவதற்கு முன்னால் உள்ள காற்று மட்டும்தான். அந்தப் பக்கத்தில் கதை ஒன்றுமே நகரவில்லை, ஆனால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். பதினைந்து வருடமாக இப்படி எத்தனை பக்கத்தைத் தாண்டி வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ரசனை என்பது இருக்கிற இடத்திலேயே நிற்பது இல்லை, வளர்வது. சட்டென்று இனிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடிக்கொண்டே போனால், நாற்பது வயதிலும் இருபது வயதுக்காரனின் அலமாரிதான் இருக்கும். ஓரக்குறிப்பின் நோட்டைப் பற்றி எனக்கு இருக்கும் பயமும் இதுதான். "தகவல் நாவல் எனக்கு ஆகாது" என்று எழுதி வைத்துவிட்டால், அதுவே வேலி ஆகிவிடாதா?

ஓரக்குறிப்பு

நியாயமான பயம். எனக்கும் அது நடந்தது. அதனால் நோட்டை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, விட்டவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பத் திறக்கிறேன். விட்ட பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை, முதல் பக்கத்திலிருந்து. போன வருடம் எடுத்தது "மயங்க வைத்தல், பக்கம் 51" என்று எழுதியிருந்த ஒரு நாவல். இந்தத் தடவை மயக்கவே இல்லை, நேர்க்கோட்டில் போகாத இன்னும் நாலைந்து நாவல்களை இடையில் படித்திருந்தேன், அதனால் காலம் முன்னும் பின்னும் போவது பழகிவிட்டிருந்தது. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதி போட்டேன். அதற்கு முந்தைய வருடம் எடுத்தது அதே 90ஆம் பக்கத்தில் அதே காரணத்துக்காக மறுபடியும் நின்றது. அதையும் எழுதி வைத்தேன்.

நோட்டு இல்லாவிட்டாலும் வேலி இருக்கத்தான் செய்யும், மெதுவாசிப்பு. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் பதினைந்து வருடம் வருணனைகளைத் தாண்டியதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் பதினைந்து வருடம் ஆயிற்று.

மெதுவாசிப்பு

அது சரிதான். ஒப்புக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒன்று திரும்பத் திறப்பது என்பதை நானும் செய்யப்போகிறேன்.

ஒலிவழி

ஒரு சின்ன விஷயம். காகிதத்தில் நகராத சில புத்தகங்கள் காதுவழியே நகரும். வட்டார வழக்கில் எழுதிய ஒரு நாவலைக் கண்ணால் படிக்கும்போது எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. ஒலிப்புத்தகமாகக் கேட்டபோது அந்தப் பேச்சு பேச்சாகவே வந்தது, எங்கேயும் தடங்கலில்லை. நேர்மாறாகவும் உண்டு. வாசிப்பவரின் குரல் பிடிக்காமல் நிறுத்தியதை எழுத்தில் படித்து ரசித்திருக்கிறேன். விடுவதற்கு முன் வடிவத்தை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எழுத்துரு பொடியாக அச்சிட்ட பதிப்பு என்பதற்காகவே நல்ல நூலைச் சலித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் தீர்ந்துவிடும்.

நூலேணி

இரவுவிளக்கின் கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் சரியாக வரவில்லை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது. எனக்கு வேலை செய்தவற்றைச் சொல்கிறேன்.

பின்னட்டையைப் படிக்காதீர்கள். அது விற்பதற்காக எழுதியது. முதல் பக்கத்தையும் அளவுக்கு மேல் நம்பாதீர்கள், எந்த எழுத்தாளரும் அதிகம் செதுக்குவது முதல் பக்கத்தைத்தான். மின்னூல்களில் கிடைக்கும் மாதிரிப் பகுதியும் தொடக்கம் மட்டுமே என்பதால் அதே சிக்கல். 99ஆம் பக்கத்தைத் திறந்து படி, முழு நூலின் தரமும் தெரிந்துவிடும் என்று ஆங்கில நாவலாசிரியர் ஃபோர்ட் மேடக்ஸ் ஃபோர்ட் சொன்னதாகச் சொல்வார்கள். 99 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆசிரியர் அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கமான நடையில் நடக்கும் இடம் அது. அங்கே இரண்டு பக்கம் படித்துக் காது கொடுங்கள். கதை புரியாது, பரவாயில்லை. அந்த வாக்கியங்களோடு இன்னும் 300 பக்கம் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மதிப்புரைகளில் ஆகா ஓகோ என்று புகழ்வதையும் திட்டுவதையும் விட்டுவிட்டு, நடுவில் இருப்பவர்கள் எழுதியதைப் படியுங்கள். "நன்றாக இருந்தது, ஆனால்" என்று எழுதுகிறவர்தான் புத்தகம் எப்படிப்பட்டது என்று சொல்கிறார். அந்த "ஆனால்" சில சமயம் நம்மை இழுக்கும். "ஒன்றுமே நடக்கவில்லை, இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்ற குறையைப் பார்த்து நான் வாங்கிய புத்தகம் ஒன்று இன்றும் என் தலைமாட்டில் இருக்கிறது.

பொதுவாகப் பாராட்டப்படுவது என்பதைவிட, ஒரே ஒரு ஆளின் ரசனையைத் தெரிந்து வைத்திருப்பது பயன். ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், அவருக்குப் பிடித்தது எனக்குப் பிடித்ததே இல்லை, இருபது வருடமாக. அவர் ஒன்றை வேண்டாம் என்றால் நான் தேடிப்போய் வாங்குகிறேன்.

நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தாரே எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல், அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. எனக்குப் பிடிக்காத நூலை மூடும்போது இந்த மூன்றாவது விதியை நினைத்துக்கொள்வேன். இதற்கு உரிய வாசகர் எங்கேயோ இருக்கிறார், அது நான் இல்லை. இப்படி நினைத்தால் புத்தகத்தின் மீதும் கோபம் வராது, நம் மீதும் வராது.

தாழ்வாரம்

தெரிந்தவர் எழுதிய புத்தகமாக இருந்தால்? கையெழுத்துப் போட்டு அன்போடு கொடுத்திருக்கிறார், 30 பக்கத்துக்கு மேல் போகவில்லை. "எப்படி இருந்தது?" என்று கேட்டு இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டார்.

ஓரக்குறிப்பு

முடித்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடுத்த கேள்வி முடிவைப் பற்றித்தான் வரும். படித்த 30 பக்கத்தில் உண்மையிலேயே பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதை மட்டும் பக்க எண்ணோடு சொல்லுங்கள். "17ஆம் பக்கத்தில் அந்தச் சிறுவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற இடம்" என்கிற மாதிரி. எழுதுகிறவருக்கு "அருமை" என்ற சொல்லைவிட அது பல மடங்கு மேல். நானும் இதைச் செய்திருக்கிறேன், அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, அந்தச் சிறுவனைப் பற்றித்தான் அரை மணிநேரம் பேசினார்.

பொதுவில் மதிப்புரை எழுதுவதென்றால், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 30 பக்கம் படித்துவிட்டு நூல் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது தப்பு.

இரவுவிளக்கு

பதினொரு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை படித்தேன்.

ஓரக்குறிப்பு சொன்னபடி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். "பக்கம் 212" என்று எழுதிவிட்டு அரை மணிநேரம் ஒன்றும் எழுத வரவில்லை. "போர்" என்று எழுதக் கூடாது என்றால் எவ்வளவு கஷ்டம்! அப்புறம் பாட்டி வரும் பகுதியைத் திரும்பப் புரட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, அங்கே மட்டும்தான் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். பாட்டி கேட்கிறார், பேத்தி பதில் சொல்கிறாள், பாட்டி வேறு எதையோ கேட்கிறார். மற்ற பக்கங்களில் யார் என்ன நினைத்தார்கள் என்பதை ஆசிரியரே சொல்லிக்கொண்டு போகிறார். முதல் அத்தியாயத்திலிருந்து பார்த்தேன். பாட்டியை விட்டால், 212 பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல அரைப் பக்கம் பேசும் இடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். இத்தனை வருடம் படித்தும் எனக்கு இது தெரியாது.

நோட்டில் எழுதினேன்: பக்கம் 212. யாரும் பேசுவதில்லை. பாட்டி மட்டும் பேசுகிறார்.

நாவலை மூடிவிட்டேன். உறுத்தல் வரும் என்று காத்திருந்தேன், அவ்வளவாக வரவில்லை. மறுநாள் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தேன். நூலேணி ஐயா சொன்னதுபோல நடுப்பக்கத்தைத் திறந்து, உரையாடல் இருக்கிறதா என்று பார்த்து எடுத்தது. 144 பக்கம், நான்கு இரவில் முடிந்தது. இப்போது இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறேன்.

மெதுவாசிப்பு

மகிழ்ச்சி. அந்தப் பாட்டி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை வருகிறார்?

இரவுவிளக்கு

61 முதல் 88 வரை. அந்த 28 பக்கத்தையும் நேற்று இன்னொரு தடவை படித்தேன். நாவலை யாருக்கும் கொடுக்கவில்லை, என்னிடமே வைத்துக்கொண்டேன். புக்மார்க்கை 212இலிருந்து எடுத்து 61இல் வைத்திருக்கிறேன்.